பாலத்தில் மட்டும் பனி

அத்தியாயம் 6

இன்ஸ்பெக்டர் எழுதிய அறிக்கையை நான் உரக்கப் படித்தேன். பால் வேன் குலுங்கிய குலுக்கலில் ஒவ்வொரு வரியும் விக்கி விக்கித்தான் வந்தது. அதனால் அறிக்கையின் மதிப்பு குறைந்துவிடவில்லை. குறைவதற்கு ஏதாவது இருந்தால்தானே?

"'சம்பவ தினத்தன்று அதிகாலையில் ஊர் முழுவதும் கடும் மூடுபனி நிலவியிருந்தும், மேற்படி ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல்...'"

"போதும்," என்றார் மேடம். "இன்னும் ரெண்டு வரி கேட்டா என் மண்டைக்குள்ள மூடுபனி வந்துடும்."

மேடத்துக்கு ஊரில் 'ஊசி' என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாக நஷ்டஈடு கேட்பவர்களைப் பிடிக்கிற வேலையில் தலைமுடி நரைத்து, இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். என் மூக்குக்கண்ணாடியின் தடிமனைப் பார்த்தவர்கள் எல்லாம் என்னமோ தாங்களே புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி எனக்கு 'சோடாபுட்டி' என்று பெயர் வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வேறு என்ன செய்ய?

வேனை ஓட்டியவர் பால்கார அக்கா. வழக்கும் அவருடையது, வேனும் அவருடையது. இரண்டையும் ஓட்ட வேண்டிய கணவர் நேற்று ராத்திரியிலிருந்து லாக்கப்பில் இருந்தார்.

நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை, அக்காவின் கணவர் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு ப்ளைவுட் கம்பெனிக்கு முன்னால் இருக்கிற வாய்க்கால் பாலத்துக்கு வந்தார். சக்கரத்தில் ஏதோ ஏறியது. இறங்கிப் பார்த்தால் கம்பெனியின் சூப்பர்வைசர் கீழே கிடந்தார், உயிர் இல்லை. கம்பெனி முதலாளி ஓடிவந்து டிரைவரின் சட்டையைப் பிடித்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு நடந்த மனிதரைக் கடும் பனியில் கண்மண் தெரியாமல் வந்து மோதிவிட்டான் என்று சாட்சியும் சொன்னார்.

டிரைவர் சொன்னது வேறு. வழியெல்லாம் பனியே இல்லை, பாலத்தில் மட்டும் திடீரென்று வெள்ளையாக இருந்தது, பிரேக்கில் கால் வைத்து ஊர்ந்துதான் வந்தேன், அவர் ஏற்கெனவே படுத்துக் கிடந்தார், தொட்டேன், சில்லென்று இருந்தார்.

இதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தாராம். "பாலத்துல மட்டும் பனியா? பனி என்ன, அங்க கட்டிப்போட்ட ஆடா? பனியில கிடந்தவன் சில்லுனு இல்லாம சூடாவா இருப்பான்?" 'சில்லென்று இருந்தார்' என்ற அந்த வரியை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை.

"நாளைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க," என்றார் அக்கா, கியரை அறைந்து மாற்றியபடி. "அப்புறம் ஜெயில். ஆளைக் கொன்னுட்டான்னு ஆகிடுச்சுன்னா வெளிய வந்தாலும் யார் அவர் கையில பால் வாங்குவாங்க?"

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து ஜன்னல் வழியே பார்த்தேன். தூரத்துக் குன்று மங்கிப் போயிருந்தது. வானத்துக்கும் தரைக்கும் நடுவில் சாம்பல் பூசின மாதிரி ஒரு மறைப்பு.

"கவலைப்படாதீங்க அக்கா. இன்னைக்கும் பாருங்க, எவ்வளவு பனி!"

மேடம் என் பக்கம் திரும்பினார். "சோடாபுட்டி, ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டிக்கிட்டுத்தானே வர்றே? கண்ணாடியைத் துடைச்சியா?"

"இல்லையே."

"ஒரு பொட்டு ஈரமாவது இருக்கா?"

தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. விரலில் தூசுதான் ஒட்டியது.

"அப்ப இது பனி இல்ல. புழுதியும் புகையும் காத்து அசையாததால மேல போக வழியில்லாம மிதக்குது. இது வெறும் மங்கல். காய்ஞ்ச சமாச்சாரம். பனின்னா தண்ணி. பொடிப் பொடியா மிதக்கற தண்ணித் துளி. பனி உன் கண்ணாடியை நனைக்காம விடாது. இன்ஸ்பெக்டரும் இந்தப் புழுதியைப் பார்த்துட்டுத்தான் 'ஊர் முழுவதும் மூடுபனி'ன்னு எழுதியிருக்கார். அவர் கண்ணுக்கு வெள்ளையா இருக்கறதெல்லாம் பால்."

"பாலைப் பத்தி மட்டும் தப்பாப் பேசாதீங்க," என்றார் அக்கா. அன்று காலையில் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பாலத்துக்கு அருகில் இருந்த விளையாட்டு மைதானம் வரைக்கும்தான் நீடித்தது. மைதானம் பாலத்தை விடத் தாழ்வான பள்ளத்தில் இருந்தது. கழுத்தில் விசிலோடு நின்ற கோச், உலகத்தில் இருக்கிற எல்லாரும் தன் டீமில் சரியாக ஓடாதவர்கள் என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமையா? விடியறதுக்கு முன்னாடியே பிராக்டிஸ் வெச்சேனே. பனியாவது ஒண்ணாவது! அந்தக் கடைசி கோல் கம்பம் பளிச்சுனு தெரிஞ்சுது. புல்லுகூடக் காய்ஞ்சுதான் கிடந்துது."

மேடம் தலையாட்டிக்கொண்டே நடந்தார். அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

"இதுக்கு என்ன அர்த்தம் மேடம்?" என்று கேட்டேன்.

"சொல்றேன். ராத்திரி வானத்துல மேகம் இல்லாம, காத்தும் அசையாம இருந்தா, தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுட்டுச் சில்லிட்டுப் போகும். தரையை ஒட்டின காத்தும் கூடவே குளிரும். குளிர்ந்த காத்தால அவ்வளவு ஈரத்தைச் சுமக்க முடியாது. துளித்துளியா விட்டுடும். அதுதான் தரைப்பனி. குளிர்ந்த காத்து கனமானது, அதனால பள்ளம் பார்த்துத்தான் போய் உட்காரும். இந்த இடத்துல தரைப்பனி வந்திருந்தா முதல்ல இந்த மைதானம்தான் முழுகியிருக்கணும். பாலம் மேட்டுல இருக்கு. பள்ளத்தை விட்டுட்டு மேட்டுல போய்ப் பனி உட்காராது."

"வேற பனியே கிடையாதா?" என்றார் அக்கா.

"இருக்கே. ஈரக்காத்து மலையேறும்போது குளிர்ந்து வர்ற பனி இருக்கு. கடல் பக்கத்துல இருந்து வந்த ஈரக்காத்து குளிர்ந்த தரை மேல படுத்து வர்ற பனி இருக்கு. இங்க மலையும் இல்ல, கடலும் இல்ல. அந்தக் குன்றை மலைன்னு சொன்னா மலைக்கே கோபம் வரும்."

அக்கா நின்றுவிட்டார். "அப்ப பாலத்துல பனி இருந்திருக்க முடியாது. என் வீட்டுக்காரர் பொய் சொல்றார். அதைத்தானே சுத்தி வளைச்சுச் சொல்றீங்க?"

மேடம் வாய்க்கால் கரையைப் பார்த்து நடந்தார். கட்சிக்காரருக்குக் குழி பறிக்கிற துப்பறிவாளரிடம் வேலை பார்க்கிறேனே என்று என்னை நானே கரித்துக் கொட்டிக்கொண்டேன்.

பாலத்தை ஒட்டி, வாய்க்கால் கரையிலேயே ஒரு சலவைக்கூடம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, கரை நெடுகக் கொடியில் காயப்போடுகிற இடம். நாங்கள் போனபோது சலவைக்காரர் ஒரு மூட்டையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமையைப் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க!" என்று கேட்பதற்கு முன்பே எகிறினார். "திங்கக்கிழமை சாயங்காலமே முக்கால்வாசி காஞ்ச துணி. ராவோட ராவா காயட்டும்னு விட்டேன். காலையில வந்து தொட்டா பிழிஞ்சாத் தண்ணி சொட்டுது! மறுபடி காயவெச்சு அனுப்பினேன், ஆஸ்பத்திரிக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. நோயாளிங்களுக்கு மரப்பட்டை நாத்தம் குமட்டுதாம்!"

அக்காவின் கண் விரிந்தது. மேடம் ஒரு விரிப்பை எடுத்து முகர்ந்தார். எனக்கும் நீட்டினார். ஈர மரப்பட்டையைக் கொதிக்க வைத்த மாதிரி ஒரு வாடை.

"எல்லாக் கொடியுமா நனைஞ்சுது?"

"எங்க! வாய்க்காலை ஒட்டின கொடி மட்டும். ரோட்டுப் பக்கக் கொடி மொறுமொறுன்னு இருந்துது. எல்லாம் இந்தக் கம்பெனிக்காரனால வந்தது. அவன் பண்ற அநியாயம் ஒண்ணா ரெண்டா? லாரியை என் வாசல்ல நிறுத்தறான். மரத்தூளைக் காத்துல பறக்க விடறான். முன்னெல்லாம் தொட்டித் தண்ணியை நினைச்ச நேரத்துல வாய்க்கால்ல திறந்து விடுவான், பெரிய சண்டை போட்டு லீவு நாள் மத்தியானம் மட்டும்னு ஒத்துக்க வெச்சேன். போன மாசம் அவன் நாய் என் தலையணை உறையை..."

நாய் சமாச்சாரம் நீண்டது. நான் கொட்டாவியை மென்று விழுங்கினேன். மேடம் மட்டும் நாயின் வாழ்க்கை வரலாறு முடிகிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு போனை எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் சாரா? பனி இருந்தது உண்மைதான் சார், கைமேல ஆதாரம் கிடைச்சுடுச்சு. முதலாளி சொன்னதுல பொய்யே இல்ல. ப்ளைவுட் கம்பெனிக்கு வாங்க, நீங்களே கண்ணால பார்க்கலாம்."

அக்கா வேன் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். "எங்க குடியைக் கெடுக்கவா உங்களைத் தேடி வந்தேன்? பனி இருந்துச்சுன்னு நீங்களே சாட்சி சொன்னா, பனியில குருட்டாம்போக்குல வந்து ஏத்திட்டான்னு எழுதி முடிச்சுடுவாங்களே!"

"இருந்ததை இல்லைன்னு சொல்லி உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்த வேண்டிய அவசியம் இல்லம்மா. வாங்க."

அவர் வந்தார். நம்பிக்கையால் அல்ல, கோபத்தால்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் நான் கால் இடறி விழுந்தேன். உதவியாளர்கள் விழுவதற்காகவே ஒவ்வொரு கம்பெனியிலும் ஏதாவது போட்டு வைத்திருப்பார்கள். இங்கே போட்டிருந்தது மரத் தகடு. பெரிய தடி மரத்தைக் காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவி எடுப்பார்களே, அது. நல்ல தகடு நீளமாகச் சுருண்டு வரும். இதுவோ கிழிந்து, நார் நாராகப் பிய்ந்து, ஒரு குவியலாகக் கிடந்தது. குப்பையில் போடுகிற அளவுக்கு இவ்வளவு மரத்தைக் கெடுத்தவர்களைப் பற்றி நான் உயர்வாக நினைக்கவில்லை.

குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கிரேன். உடம்பு முழுக்கத் துரு. அதில் தொங்கிய சங்கிலி மட்டும் பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. கிழவருக்குப் பொய்ப்பல் கட்டின மாதிரி.

அதைத் தாண்டி ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி. தடி மரங்கள் உள்ளே ஊறிக்கொண்டிருந்தன. என்னவென்று எட்டிப் பார்த்தேன். உலகமே வெள்ளையாகிவிட்டது.

"மேடம்! கண்ணு தெரியல!"

"கண்ணாடியைக் கழட்டுடா," என்றார் மேடம். "காலையிலிருந்து காஞ்சு கிடந்த கண்ணாடி. இப்பவாவது நனைஞ்சுதா?"

நான் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தொட்டித் தண்ணீரிலிருந்து ஆவி சுருள் சுருளாக எழுந்துகொண்டிருந்தது. சீவுவதற்கு முன்னால் மரம் மிருதுவாக வேண்டும் என்று நாள் கணக்கில் சுடுதண்ணீரில் ஊறப்போடுவார்களாம். மரப்பட்டை வாடை மூக்கைத் துளைத்தது. எங்கேயோ முகர்ந்த வாடை. எங்கே என்று நினைப்பு வருவதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

இஸ்திரி கலையாத சட்டை, கலையாத முகம். எங்களை ஆபீஸ் அறைக்குள் உட்கார வைத்தார். பால்கார அக்காவை மட்டும் உட்காரச் சொல்லவில்லை. மேஜையில் இருந்த டீயில் அவர் ஊற்றின பால்தான் இருந்தது என்பதை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களைப் பத்தி ஊர்ல தாறுமாறாப் பேசறாங்க சார்," என்று மேடம் ரொம்ப வருத்தமாக ஆரம்பித்தார். "அன்னைக்குப் பனியே இல்லையாம். நீங்க கதை விடறீங்களாம்."

"யார் சொன்னது?"

"கோச் சொல்றார். புல்லுகூட நனையலையாம்."

முதலாளி ஏளனமாக உதட்டைச் சுழித்தார். பொய்யர் என்று பெயர் வாங்கினால் இந்த மாதிரி ஆசாமிகளுக்குத் தாங்காது, அதுவும் உண்மை சொன்ன ஒரே இடத்தில். போனை எடுத்து நீட்டினார். "பாருங்க. நானே எடுத்த வீடியோ. இந்த ஆள் தப்பிச்சுடக் கூடாதுன்னுதான் எடுத்து வெச்சேன்."

சரியாக அப்போது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஆதாரம் தன் காலில் வந்து விழுந்த பெருமிதம் அவர் முகத்தில் வழிந்தது. எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தோம்.

பால் வேன் நின்றிருந்தது. அக்காவின் கணவர் குனிந்து ஒரு உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி வெள்ளை. அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பனி!" என்றார் இன்ஸ்பெக்டர் வெற்றியோடு.

"பனியேதான்," என்றார் மேடம். "முதலாளி சொன்னது சத்தியம். நல்லாப் பாருங்க சார். பனிக்கு மேல கம்பெனி போர்டு தெரியுதா?"

"எழுத்துக்கூடத் தெரியுது."

"ரோட்டுல அடுத்த விளக்குக் கம்பம்?"

"தெரியுது."

"அப்ப ஊர் முழுக்கப் பனின்னு நீங்க எழுதினது?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். தொண்டைக்குள் எதுவும் இல்லை.

"இந்தப் பனி படுத்திருக்கா, எழும்புதா?" மேடம் விடவில்லை. "தரைப்பனின்னா போர்வை மாதிரி படுத்துக் கிடக்கும். இது வாய்க்கால்லேர்ந்து சுருண்டு சுருண்டு மேல ஏறுது. சோறு வடிக்கும்போது ஏறுமே, அதே மாதிரி. சூடான தண்ணி, அதுக்கு மேல குளிர்ந்த காத்து. ஆவி எழும்பின உடனே குளிர்ந்து துளியாகிடும். நீராவிப் பனி. தண்ணி இருக்கற வரைக்கும்தான் இருக்கும், தாண்டினா ஒண்ணும் இருக்காது. பாலத்துல மட்டும் பனின்னு அந்த மனுஷன் சொன்னது இதைத்தான். நீங்க ஆடு, மாடுன்னு சிரிச்சீங்க."

"வாய்க்கால் தண்ணி எப்படிங்க சூடாகும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அந்த வாடையை எங்கே முகர்ந்தேன் என்பதும். "தொட்டி!" என்று கத்திவிட்டேன். "ஆஸ்பத்திரி விரிப்பு!"

"பரவாயில்லையே, கண்ணாடியைத் துடைச்சதும் மூளையும் தெளிஞ்சுடுச்சு," என்றார் மேடம்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சமாளித்தார். "தொட்டித் தண்ணியைத் திறந்து விடறது வழக்கம்தானே? இதுல என்ன தப்பு?"

"வழக்கம் லீவு நாள் மத்தியானம். சலவைக்காரர் சண்டை போட்டு வாங்கின வழக்கம். மரம் ஊறி முடிச்சு, எல்லாத்தையும் வெளிய எடுத்த பிறகு திறப்பீங்க. செவ்வாய்க்கிழமை விடியற்காலை எதுக்குத் திறந்தீங்க?"

"வால்வு... ஒழுகிடுச்சு."

"ஒழுகினதை அடைச்சு மறுபடி சுடுதண்ணி விட்டிருந்தா மரம் தப்பிச்சிருக்கும். தொட்டி காலியாகி, மரம் அரைவேக்காட்டுல ஆறிப்போச்சு. அதைக் கொண்டுபோய்ச் சீவினா நார் நாராத்தான் பிய்யும். வாசல்ல மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்கீங்களே, அதுல என் உதவியாளன் விழுந்து எழுந்து வந்தான். இவ்வளவு மரத்தைப் பாழாக்கி எந்த முதலாளியாவது தண்ணியைத் திறப்பாரா? திறந்தா எதுக்கு? திரை போடத்தான். விடியற்காலைக் குளிர்ல திறந்தா பாலம் மறையும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். தினமும் அந்த நேரத்துக்கு முதல்ல வர்ற வண்டி எதுன்னும் தெரியும். உங்க டீக்குப் பால் கொண்டு வர்ற வண்டி."

வெளியே கிரேன் சங்கிலி எதன் மீதோ இடித்துச் சத்தமிட்டது. மேடம் அந்தப் பக்கம் கை காட்டினார்.

"பழைய சங்கிலி எங்க சார்?"

முதலாளியின் இஸ்திரி அப்போதுதான் கலைந்தது. நாற்காலியில் சரிந்தார். "அது விபத்து... சங்கிலி அறுந்து தடி மரம் சூப்பர்வைசர் மேல உருண்டுடுச்சு. மாத்துங்க மாத்துங்கன்னு அவன் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான், நான்தான் அப்புறம் பார்க்கலாம்னு... வெளிய தெரிஞ்சா கம்பெனிக்கு சீல் வெச்சுடுவாங்க. நான் யாரையும் கொல்லல!"

"ஓஹோ," என்றார் மேடம். "அதனால ரோட்டுல கொண்டுபோய்ப் போட்டுட்டு, கொல்ற வேலையை வேற ஒருத்தர் தலையில கட்டினீங்க."

இன்ஸ்பெக்டர் அதுவரை பிடித்துக்கொண்டிருந்த கடைசிக் கயிற்றை வீசினார். "ஒரு நிமிஷம். வேன் ஏறும்போது அந்த ஆளுக்கு உயிர் இருந்திருக்கலாமே? அப்படின்னா டிரைவர் மேல கேஸ் நிக்கும்."

மேடம் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தார். யாரும் உட்காரச் சொல்லாத அந்த அக்கா, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேராகப் பேசினார்.

"சார். தொட்டேன், சில்லுனு இருந்தார்னு என் வீட்டுக்காரர் அன்னைக்கே சொன்னார். பனியில கிடந்தா சில்லுனுதான் இருக்கும்னு சிரிச்சீங்க. அது சுடுதண்ணியில இருந்து வந்த பனி சார். அந்த இடமே வெதுவெதுன்னுதான் இருந்திருக்கும். அப்பத்தான் அடிபட்ட மனுஷன், அதுக்குள்ள எப்படிச் சில்லுனு ஆவார்?"

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். "ராத்திரியே..." என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு ருசியில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள், ஜீப் வந்தது, முதலாளி ஏறினார். அறுந்த சங்கிலி மரத்தூள் மேட்டுக்கு அடியிலேயே கிடைத்தது. ஒளித்து வைப்பதிலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற சோம்பல்தான்.

ஜீப்பில் இடமில்லாமல் இன்ஸ்பெக்டர் வாசலில் விழித்துக்கொண்டு நின்றார். அக்கா வேனை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க சார். லாக்கப்பைத் திறக்க நீங்க வரணும்ல?"

அவர் பால் கேன்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார். நாங்களும் ஏறிக்கொண்டோம். பாலத்துக்கு வந்ததும் அக்கா வண்டியை நிறுத்தினார். அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மடியில் கிடந்த அறிக்கையை வாங்கி, பின்பக்கம் திருப்பி, இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"அன்னைக்கு எழுதாம விட்ட வரியை இப்ப எழுதுங்க. 'தொட்டேன், சில்லுனு இருந்தார்.'"

"ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கறேனேம்மா. வண்டி குலுங்கும்."

அக்கா எஞ்சினை அணைத்தார்.

"குலுங்காது சார். நீங்க எழுதி முடிச்ச பிறகுதான் எடுப்பேன்."